புது பிளக் போட்ட வண்டி

காலையில் ஷட்டரைத் தூக்கியதும் ஒர்க்ஷாப் அக்காவுக்கு முதல் வேலை, முந்தின நாள் வண்டிகளிலிருந்து கழற்றிய பிளக்குகளை வாசல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பதுதான். டீ அதுபாட்டுக்கு ஆறிக்கொண்டிருக்கும். பக்கத்து அறையில் உதிரிபாகக் கடையைத் திறந்துகொண்டே சின்னவள், அந்தப் பிளக் எங்கேயும் ஓடிவிடாது, முதலில் டீயைக் குடியுங்கள் என்று சத்தம் போடுவாள். அக்கா காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

சின்னவள், அக்காவின் தம்பி மனைவி. அக்காவை அண்ணி என்று கூப்பிடுவாள். தம்பி இறந்த பிறகு இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே ஷட்டருக்குப் பின்னால் பிழைத்துவந்தார்கள். அக்கா வண்டிக்குக் கீழே படுப்பாள், சின்னவள் கவுண்டருக்குப் பின்னால் நிற்பாள். வாடிக்கையாளர் யாராவது குரலை உயர்த்தினால் மட்டும் இடம் மாறிக்கொள்வார்கள்.

பிளக் என்பது எஞ்சினுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து பெட்ரோலைப் பற்றவைக்கும் சின்னச் சாமான். உள்ளே நடப்பதெல்லாம் அந்த மூக்கில் படிந்துவிடும். நுனி பிஸ்கெட் நிறத்தில் காய்ந்திருந்தால் எஞ்சின் சௌக்கியம். கரி அப்பினது மாதிரி வறண்ட கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அளவுக்கு மேல் போகிறது. அதே கறுப்பு பிசுபிசுவென்று ஈரமாக இருந்தால், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையங்கள் தேய்ந்து ஆயில் மேலே ஏறி எரிகிறது, எஞ்சினுக்குக் கிழடு தட்டிவிட்டது. வெள்ளை வெளேரென்று இருந்தால் மற்றவர்கள் சுத்தமாக இருக்கிறது என்று சந்தோஷப்படுவார்கள். அக்காவுக்கு அதைக் கண்டால்தான் பயம். உள்ளே சூடு எல்லை மீறிவிட்டது, எந்த நேரமும் பிஸ்டன் பொத்துக்கொள்ளும் என்று அர்த்தம்.

அக்கா ஒரு வண்டியைப் பார்த்து நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டால் அந்தத் தெருவில் அதற்கு மேல் கேள்வி இல்லை. முகத்துக்காக ஒரு வார்த்தை கூட்டியும் சொல்ல மாட்டாள், குறைத்தும் சொல்ல மாட்டாள். அதனாலேயே சில பேருக்கு அவளைப் பிடிக்காது. தம்பிக்கே சில நேரம் பிடிக்காமல் போகும்.

தம்பி வாடகை வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. அவன் பார்த்துவைத்த வண்டிகளையெல்லாம் அக்கா பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாள். எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தால் கடைசிவரைக்கும் அடுத்தவன் வண்டியைத்தான் ஓட்ட வேண்டும் என்று அவன் சின்னவளிடம் புலம்பினான். ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் போய், மேம்பாலத்துக்குக் கீழே இருந்த பழைய வண்டி யார்டில் ஒரு வேனை வாங்கிவந்து, ஒர்க்ஷாப் வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தான்.

அந்த யார்டின் சொந்தக்காரரை ஊரே சிரிப்பு முதலாளி என்றுதான் சொல்லும். வாங்க வந்தவனைப் பார்த்தும் சிரிப்பார், வாங்கிய வண்டி நின்றுபோய்த் தள்ளிக்கொண்டு வந்தவனைப் பார்த்தும் சிரிப்பார். சண்டை போட வந்தவன்கூட அந்த முகத்தைப் பார்த்தால் பாதிக் கோபத்தை விழுங்கிவிடுவான்.

வேனின் சத்தம் அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது. அக்கா காதைக் கொடுத்துக் கேட்டாள். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. இருந்தாலும் ஒருதடவை திறந்து பார்த்துவிடலாம், விட்டுவிட்டுப் போ என்றாள். வாரம் முழுக்க லோடு ஒப்புக்கொண்டிருக்கிறேன், வேலை முடியட்டும், கொண்டுவருகிறேன் என்று அவன் போய்விட்டான். அவன் கொண்டுவரவில்லை. ஆற்றுப் பாலத்தின் நடுவில், வேகமாகப் போய்க்கொண்டிருந்த வேன் இரண்டுதடவை இருமிவிட்டு அப்படியே நின்றது. பின்னால் வந்த லாரிக்காரனுக்கு பிரேக்கை மிதிக்க நேரமிருந்தது, வண்டியை நிறுத்த இடமில்லை.

காவல் நிலையத்துக் கொட்டகையில் நசுங்கிக் கிடந்த வேனிலிருந்து அக்கா தன் கையாலேயே பிளக்குகளைக் கழற்றினாள். பிளக்கின் திருகு மரைகள் கடையிலிருந்து வந்த பளபளப்பு மாறாமல் மின்னின. மூக்குகள் மட்டும் ஆயிலில் முக்கி எடுத்தது மாதிரி கறுத்து ஒழுகின. அவளுக்குப் புரிந்துவிட்டது. வளையங்கள் எப்போதோ தேய்ந்துபோன எஞ்சின் அது. அதில் புது பிளக்கைப் போட்டு, புகை வராமலிருக்கக் கெட்டியான ஆயிலை ஊற்றி, சில நாள் ஓடினால் போதும் என்று தம்பியின் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

இதை அவள் யாரிடம் சொல்லவில்லை? பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார் விசாரித்த அதிகாரி. பார்த்து வாங்கியிருக்கலாமே என்றார்கள் அக்கம்பக்கத்தார். வண்டியைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று எழுதி வழக்கை மூடினார்கள். துக்கம் விசாரிக்க வந்த சிரிப்பு முதலாளி, எல்லாம் அவரவர் நேரம் என்று சின்னவளிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். இறங்கும்போது பழக்கதோஷத்தில் அவர் முகம் சிரித்தது. அதை அக்கா பார்த்தாள். இந்த மனிதனின் வயிறு எரிவதைப் பார்க்காமல் என் கட்டை வேகக் கூடாது என்று அன்றைக்கு மனதுக்குள் சொல்லிக்கொண்டவள், அதற்கப்புறம் ஒருநாளும் அதை மறக்கவில்லை. வேலை செய்யும்போதும் அது ஒரு ஓரத்தில் புகைந்துகொண்டேதான் இருந்தது.

வருஷங்கள் போயின. ஒரு சனிக்கிழமை காலை, ஒரு பெண் போன் செய்து ஒர்க்ஷாப் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, சிறிது நேரத்தில் ஒரு வெள்ளைக் காரில் வந்து இறங்கினாள். மருத்துவமனையில் நர்ஸாக இருப்பவள். கூட வேலை பார்ப்பவர்கள் அக்காவைப் பற்றிச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். முன் சீட்டில் அவளுடைய மாமியார் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மாளுக்குக் கண்ணில் ஆபரேஷன். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமை செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள், இப்போதே கிளம்பிப் போகிறோம், மேடு ஏறும்போது எஞ்சினில் டிக்டிக்கென்று ஒரு சத்தம் வருகிறது, இழுவையும் குறைகிறது, ஒருதடவை பார்த்துவிடுங்கள் என்றாள் நர்ஸ். போன மாதம்தான் புது பிளக் போட்டது என்றும் சொன்னாள்.

அக்கா பானட்டைத் திறந்து பிளக்குகளைக் கழற்றினாள். முதல் இரண்டும் வெளிறியிருந்தன. மூன்றாவதை வெளிச்சத்துக்குத் திருப்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். மூக்கின் பீங்கான் சுண்ணாம்பாய் வெளுத்து, கொப்புளம் கொப்புளமாய்ப் பொரிந்திருந்தது. நுனிக் கம்பி பாதி கரைந்திருந்தது. அந்த வெள்ளையின் மேல் ஊசிமுனை அளவில் வெள்ளிப் பொட்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அது பிஸ்டனின் உலோகம். பிஸ்டன் உருக ஆரம்பித்துவிட்டது. இந்த வண்டி சமதரையில் இன்னும் சில நாள் ஓடும். மலை ஏறினால் பாதி வழியில், ஏதாவது ஒரு வளைவில், பொத்துக்கொண்டு நின்றுவிடும். அதுவும் பின்னால் லோடு லாரிகள் மூச்சிரைத்துக்கொண்டு ஏறும் பாதை.

இதை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குக்கூடப் போகாதீர்கள் என்று சொல்ல அக்கா திரும்பினாள். வாயைத் திறப்பதற்குள் முன் சீட்டிலிருந்த மாமியார் முந்திக்கொண்டாள்.

"என் சம்பந்தி குடுத்த வண்டிம்மா இது. அந்த மனுஷன் பல்லு தெரியாம நான் பாத்ததே இல்ல. அப்படி ஒரு சிரிச்ச முகம். ஆனா பழைய வண்டி வியாபாரி ஒரு வண்டிய சும்மா குடுத்தா, வாங்கினவங்க நாலு எடத்துல தட்டிப் பாக்கணும்ல?"

நர்ஸ் சங்கடத்தோடு, அப்பாவை விடுங்கள் அத்தை என்றாள். எந்த யார்டு என்று அக்கா கேட்டாள். மேம்பாலத்துக்குக் கீழே என்றாள் நர்ஸ்.

அக்காவின் தொண்டை வரை வந்த வார்த்தை அங்கேயே நின்றது. கையிலிருந்த பிளக் சுட்டது மாதிரி இருந்தது. அவரே தன் மகளுக்கு இதைக் கொடுத்திருக்கிறார். தெரிந்து கொடுத்திருக்க மாட்டார். எந்த வண்டியையும் திறந்து பார்க்காமல் புது பிளக்கை மாட்டி அனுப்பும் பழக்கம், கடைசியில் அவர் கண்ணையே மறைத்துவிட்டது. இத்தனை வருஷமாக அக்கா எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் நின்றாளோ, அந்தக் கதவு தானாகத் திறந்துகொண்டு முன்னால் வந்து நிற்கிறது. அவள் ஒன்றும் செய்ய வேண்டாம். ஒரு வார்த்தை சொல்லாமலிருந்தால் போதும்.

அவள் சின்னவளின் கடைக்குள் போய்ப் புது பிளக்குகளை எடுத்துவந்தாள். ஒவ்வொன்றாகத் திருகினாள். எப்போதும் போல இறுக்கிச் சரிபார்த்தாள். அதுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பானட்டை மூடி, எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தாள்.

"நல்லா இருக்கு. போய்ட்டு வாங்க."

நர்ஸ் நன்றி சொன்னாள். மாமியார், இந்த அம்மா முகத்தைப் பார்த்தாலே நம்பிக்கை வருகிறது என்றாள். கார் தெருமுனை திரும்பி மறையும் வரை அக்கா வாசலில் நின்றாள். உள்ளே என்னவோ குளிர்ந்தது. இன்றைக்குச் சாயந்தரம் அந்த மனிதனுக்கு ஒரு போன் வரும். அவர் எப்படி ஓடுவார், எந்தக் கொட்டகையில் போய் நிற்பார், யார் அவரிடம் அவரவர் நேரம் என்று சொல்வார்கள் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். நினைக்க நினைக்க இனித்தது.

அலமாரியில் பிளக் குறைந்திருப்பதைப் பார்த்துச் சின்னவள் வெளியே வந்தாள். மேஜைமேல் கழற்றி வைத்திருந்த பழையவற்றைக் கண்டாள். அக்காவோடு இருந்து இருந்து அவளுக்கும் பிளக்கைப் படிக்கத் தெரிந்திருந்தது. மூன்றாவதைக் கையிலெடுத்ததும் அவள் முகம் மாறியது. இந்த வண்டி எங்கே, உள்ளே நிற்கிறதா என்று தேடினாள். அக்கா ஒன்றையும் மறைக்கவில்லை. யாருடைய வண்டி, எங்கே போகிறது, தான் என்ன சொல்லி அனுப்பினாள் என்று எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னாள். சின்னவள் சந்தோஷப்படுவாள் என்றுகூட எதிர்பார்த்தாள்.

சின்னவள் டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் கேட்டாள்.

"அந்தப் பொண்ணுக்கு இது தெரியுமா அண்ணி?"

"தெரியாது."

"உங்க தம்பிக்கும் அன்னைக்குத் தெரியாது. நல்லா இருக்குன்னு நம்பித்தான் ஏறி உக்காந்தாரு."

அக்கா வாசல் பக்கம் திரும்பினாள். சின்னவள் எழுந்து அவளுக்கு நேரே வந்து நின்றாள்.

"உங்க கோபம் தப்பில்ல அண்ணி. எனக்கு உங்களவிட ஜாஸ்தியாவே இருக்கு. அந்தாளு மேல என் வயிறு எரியாத நாளில்ல. ஆனா ஆள் மாறிப்போச்சு. அந்தாளு என்ன பண்ணாரோ அதையே இப்ப நீங்க பண்ணிட்டு நிக்கிறீங்க. அவரத்தான் கேக்கணும்னா வாங்க, நானும் கூட வர்றேன். முதல்ல அந்த வண்டிய நிறுத்தணும்."

காலையில் வந்த போன் நம்பருக்கு அக்கா அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது நர்ஸ் போனை எடுப்பதில்லை போலிருக்கிறது. மறுபடி அடித்தாள். அப்போதும் யாரும் எடுக்கவில்லை. உருகின பிளக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒர்க்ஷாப்பின் பிக்கப் வண்டியை எடுத்தாள். சின்னவள் ஓடிவந்து ஏறினாள். ஷட்டரை இறக்கக்கூட இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

மலைக்குப் போகும் சாலை அந்த ஆற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் போகிறது. தம்பி போனதிலிருந்து, அந்தப் பாலம் வந்தால் சின்னவள் கண்ணை மூடிக்கொள்வாள். அன்றைக்கு மூடவில்லை. வெள்ளைக் கார் எங்காவது தெரிகிறதா என்று ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டே வந்தாள். அக்கா லாரிகளை முந்தினாள், வசவு வாங்கினாள், திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு மேட்டிலும், ஓரமாகப் புகைந்துகொண்டு நிற்கும் வண்டி ஏதாவது கண்ணில் படுமோ என்று அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. சற்று முன்னால் இனித்த அதே காட்சிகள் இப்போது நெஞ்சை அடைத்தன.

காரைக் காப்பாற்றியது அந்த மாமியார்தான். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று மூன்றாவதுதடவையாகப் பிடிவாதம் பிடித்து, மலையடிவாரத்துப் பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்த வைத்திருந்தாள். அதற்கு அப்புறம் ஏற்றம்தான். அக்கா பிக்கப்பைக் காருக்குக் குறுக்கே கொண்டுபோய் நிறுத்தினாள்.

நர்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்கா பையிலிருந்த பிளக்கை எடுத்து நீட்டினாள். அந்த வெள்ளிப் பொட்டுகள் என்ன, மலையில் என்ன நடந்திருக்கும் என்று சொன்னாள்.

"காலைல நல்லா இருக்குன்னு சொன்னீங்களே," என்றாள் நர்ஸ்.

"பொய் சொன்னேன்."

ஏன் என்று கேட்கும் கண்களைப் பார்த்துப் பேசுவது அக்காவுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் பார்த்துக்கொண்டே சொன்னாள். தம்பியைச் சொன்னாள், வேனைச் சொன்னாள், கொட்டகையில் கழற்றின பிளக்குகளைச் சொன்னாள், யார் மகள் என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டதையும் சொன்னாள். கேட்கக் கேட்க நர்ஸின் முகம் வெளுத்தது. நான் உங்களுக்கு என்ன செய்தேன் என்று கேட்டாள். ஒன்றும் செய்யவில்லை என்றாள் அக்கா. என் அத்தை என்ன செய்தார்கள் என்றாள். அதற்கும் அதே பதில்தான். மாமியார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மங்கலான கண்களால் அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த அம்மா முகத்தைப் போய் நம்பினேனே என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு வார்த்தை, அறை வாங்கியிருந்தால் எப்படி இருக்குமோ அப்படி விழுந்தது. அக்கா அதை வாங்கிக்கொண்டாள்.

நர்ஸ் போனை எடுத்தாள். எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டு அப்பாவைக் கூப்பிட்டாள். மறுமுனையில் குரலிலேயே சிரிப்பு கேட்டது. மலை ஏறியாச்சா என்று விசாரித்தார். நர்ஸ், குரலில் எதையும் காட்டாமல், இந்தக் காருக்குப் புது பிளக் போடும்போது பழையது எப்படி இருந்தது என்று கேட்டாள்.

"பழச யாரும்மா பாக்குறா? கழட்டித் தூக்கிப் போட்டுட்டு புதுச மாட்டினா வண்டி பூ மாதிரி ஓடும். எல்லா வண்டிக்கும் அதானே பண்றோம். கைமாறுற வரைக்கும் ஓடினா சரி."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நர்ஸ் சிரிக்கவில்லை. வருஷங்களுக்கு முன்னால் ஆற்றுப் பாலத்தில் ஒரு வேன் நின்று ஒருத்தர் செத்துப்போனாரே, அந்த வேனுக்கும் அப்படித்தானா என்று கேட்டாள். மறுமுனையில் சிரிப்பு நின்றது. அப்புறம், "உன் பக்கத்துல யாரும்மா இருக்கா?" என்று மட்டும் வந்தது.

சின்னவள் பெட்ரோல் பங்கின் தூணைப் பிடித்துக்கொண்டாள். அவள் கணவன் வண்டியைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று எழுதி முடித்தார்களே, அந்தப் பொய் அந்தக் கணத்தில் அவள் காதுபட உடைந்தது. நர்ஸ் போனை அணைத்தாள். இந்தக் காரை உங்கள் பிக்கப்பில் கட்டி இழுக்க முடியுமா என்று அக்காவிடம் கேட்டாள். ஒர்க்ஷாப்புக்கா என்றாள் அக்கா. இல்லை, யார்டுக்கு என்றாள் நர்ஸ்.

சனிக்கிழமை மத்தியானம் யார்டில் கூட்டமாக இருந்தது. கழுவித் துடைத்த பழைய கார்கள் வரிசையாகப் பளபளத்தன. ஒரு இளம் தம்பதி சிவப்புக் கார் ஒன்றைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு நிறைமாசம். கயிற்றில் இழுபட்டு வந்த வெள்ளைக் காரைப் பார்த்ததும் சிரிப்பு முதலாளி ஆபீஸிலிருந்து வேகமாக வந்தார். வந்தவர் பிக்கப்பிலிருந்து இறங்கிய இரண்டு பெண்களைக் கண்டு தயங்கினார். அப்புறம் சமாளித்துக்கொண்டு, வாங்கம்மா, எதுவானாலும் உள்ளே உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்றார்.

யாரும் உட்காரவில்லை. நர்ஸ் நேரே அவரிடம் போய், அவர் கையைப் பிடித்து விரித்து, உருகின பிளக்கை உள்ளங்கையில் வைத்தாள்.

"இது நீங்க குடுத்த வண்டிலேர்ந்து எடுத்ததுப்பா. உள்ள நானும் அத்தையும் இருந்தோம்."

அவள் அந்த யார்டிலேயே விளையாடி வளர்ந்தவள். சாவிகள் எந்த ஆணியில் தொங்கும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே போய்க் கொத்தாக அள்ளிவந்து அக்காவின் கையில் கொடுத்தாள். நில்லுங்கள், தொடக் கூடாது என்று முதலாளி கத்தினார். மகள் குறுக்கே நின்றாள்.

அக்கா சிவப்புக் காரிலிருந்து ஆரம்பித்தாள். பிளக்கைக் கழற்றி அந்த இளம் தம்பதியிடம் காட்டினாள். மரையைப் பாருங்கள், கடையிலிருந்து வந்த புதுசு மாதிரி மின்னுகிறது, மூக்கைப் பாருங்கள், அதற்குள்ளாகவே ஆயில் ஒழுகுகிறது, இந்த எஞ்சின் செத்துக்கொண்டிருக்கிறது என்றாள். அடுத்த வண்டிக்குப் போனாள். அதுவும் அப்படியே. அதற்கு அடுத்தது வறண்ட கறுப்பு. ஒன்றிரண்டு நல்ல வண்டிகளும் இருந்தன. நல்லதை நல்லது என்றே சொன்னாள். கழற்றினதையெல்லாம் அந்தந்த வண்டியின் பானட் மேலேயே வைத்துக்கொண்டு போனாள். ஜனங்கள் அவள் பின்னாலேயே வந்தார்கள். ஏற்கெனவே வாங்கிக்கொண்டு போனவர்கள் இரண்டு மூன்று பேரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்கள் முதலாளியைச் சுற்றி நின்று, எங்கள் வண்டியும் இப்படித்தானா என்று கேட்டார்கள். ஸ்பேனரைத் திருகும் ஒவ்வொரு தடவையும் அக்காவின் நெஞ்சில் ஏதோ ஒன்று சந்தோஷத்தில் துள்ளியது. அந்தச் சந்தோஷம் நல்லதா கெட்டதா என்று அவள் யோசிக்கவில்லை. தம்பியின் முகத்தை நினைத்துக்கொண்டு அடுத்த பிளக்கைத் திருகினாள்.

அந்த இளம் கணவன், மனைவியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தான். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் போக ஆரம்பித்தார்கள்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. நர்ஸ், சின்னவளோடு போய், போனில் அப்பா சொன்னதை அதிகாரியின் முன்னால் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். பெட்ரோல் பங்கில் கேட்டுக்கொண்டிருந்த மாமியாரும், கண் ஆபரேஷன் முடிந்து கட்டு அவிழ்த்த கையோடு வந்து சாட்சி சொன்னாள். மூடின வழக்கைத் திறந்தார்கள். யார்டின் உரிமத்தை ரத்து செய்தார்கள். பெற்ற அப்பனையே காட்டிக்கொடுத்துவிட்டாளே என்று நர்ஸைத் தூற்றினவர்கள் உண்டு. அப்படித் தூற்றினவர்களும் பழைய வண்டி வாங்குவதற்கு முன்னால் அக்காவிடம் கொண்டுவந்து பிளக்கைக் கழற்றிக் காட்டிவிட்டுத்தான் வாங்கினார்கள். அக்காவோடு நர்ஸ் அதற்குப் பிறகு அதிகம் பேசவில்லை. எங்காவது பார்த்தால் தலையை அசைப்பாள். அக்கா அதற்கு மேல் எதிர்பார்க்கவும் இல்லை.

ஒரு பிற்பகல், சிரிப்பு முதலாளி நடந்தே ஒர்க்ஷாப்புக்கு வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். அக்கா ஒரு எஞ்சினைத் திறந்துவைத்து வேலை செய்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை. அவர் வாசலிலேயே நின்றுகொண்டு பேசினார். கோர்ட்டில் என்ன தீர்ப்பு வந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன், மகள்தான் கதவைத் திறக்க மாட்டேன் என்கிறாள், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவள் கேட்பாள் என்றார்.

இந்த நாளுக்காகத்தான் அக்கா அத்தனை வருஷம் காத்திருந்தாள். அவர் வயிறு எரிவது அவள் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது. அவளுக்குப் பரிதாபம் வரவில்லை.

"நான் சொல்ல மாட்டேன்," என்றாள். "உங்க பொண்ணு உயிரோட இருக்கா. அதுக்கு மேல என்கிட்ட எதையும் கேக்காதீங்க."

அவர் போகவில்லை. கவுண்டருக்குப் பின்னால் நின்ற சின்னவளைப் பார்த்தார். அவளும் அவரையே பார்த்தாள். அவருக்குக் கோபமா அழுகையா என்று தெரியாத ஒரு வேகம் வந்தது.

"இந்த வியாபாரத்துல எல்லாரும் பண்றதுதானேம்மா. நான் ஒருத்தன் மட்டுமா பண்ணேன்?"

அக்கா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"எல்லாரும் பண்றாங்கன்னு நீங்க சொல்றீங்க. பழசுன்னா அப்படித்தான் இருக்கும்னு வாங்குறவங்க சொல்றாங்க, அதிகாரியும் சொல்றாரு. இப்படி ஆளாளுக்குச் சொல்லிட்டு இருக்கும்போது நடுவுல ஒருத்தன் செத்துப்போறான். ஒருநாள் காலைல எனக்கும் உங்க புத்தி வந்துச்சு. பழுது தெரிஞ்சும், நல்லா இருக்குன்னு வாய் கூசாம சொல்லி அனுப்புனேன். தப்புன்னு சொல்ல எனக்கு ஒருத்தி பக்கத்துல இருந்தா. நீங்க யாரையும் சொல்ல விடல. நல்லாக் கேட்டுக்கோங்க. ஒரு உயிரு நம்ம வாயில இருக்கிற ஒரு வார்த்தைய நம்பி வண்டில ஏறும்போது, அந்த வார்த்தைய மறைச்சா அது வியாபாரமும் இல்ல, பழிவாங்குறதும் இல்ல. கொலைதான்."